தண்ணீர்தானே என்று கொடுத்த தம்ளர்: பக்கவாதத்துக்குப் பின் விழுங்குதல், ஒரு நிகழ்வு ஆய்வு

சாப்பிடும்போது புரை ஏறினால் "யாரோ நினைக்கிறாங்க" என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வீட்டு வழக்கம். மேற்கு மாம்பலத்தில் 71 வயதுப் பெரியவர் ஒருவரின் வீட்டிலும் மூன்று வாரம் அப்படித்தான் தட்டினார்கள். நான்காம் வாரம் தட்ட வேண்டிய தேவை வரவில்லை. இருமல் நின்றுவிட்டது. தேறிவிட்டார் என்று வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அந்த வாரக் கடைசியில் நிமோனியாவுடன் மருத்துவமனையில் சேர்த்தார்கள்.

இருமல் ஏன் நின்றது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். இதில் வரும் பெரியவரும் குடும்பமும் தனி ஒருவருடைய வரலாறு அல்ல. பக்கவாத நோயாளிகளைப் பராமரிக்கும் சென்னை வீடுகளில் திரும்பத் திரும்பத் தென்படுபவற்றைச் சேர்த்து ஒரே நிகழ்வாக அமைத்திருக்கிறோம்.

நோயாளி

ஓய்வுபெற்றவர். இருபது வருடமாக ரத்த அழுத்தம், பத்து வருடமாகச் சர்க்கரை. மூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து இடது கை, இடது கால் செயலிழந்தன. முகத்தின் இடப்பக்கம் தொங்கியது. பேச்சு குழறினாலும் புரிந்தது. ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். முதல் ஆறு நாள் மூக்குக் குழாய் வழியாக உணவு. குழாயை எடுத்தபின் இரண்டு வேளை இட்லி சாப்பிட்டார், வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் தாளில் உணவைப் பற்றி இருந்தது "மென்மையான உணவு" என்ற ஒரே வரி. தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை.

வீட்டில் அடுத்த நான்கு வாரத்தில் நடந்தவை: எடை 64 கிலோவிலிருந்து 59.5 ஆனது. ஒரு வேளைச் சாப்பாடு 50 நிமிடம் இழுத்தது. மூன்றாம் வாரத்தில் இரண்டு நாள் மாலையில் 100.4 டிகிரி காய்ச்சல், மறுநாள் காலை இல்லை. காபி குடித்தபின் குரல் கரகரத்தது. சேர்க்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 28. எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் வெள்ளைத் திட்டு. உணவோ எச்சிலோ மூச்சுக்குழாயில் இறங்கினால் பெரும்பாலும் வலப்பக்கமே போகும். வலக் கிளை அகலமானது, அதிகம் சாயாமல் நேராக இறங்குவது.

ஒரு மதியச் சாப்பாடு, அருகிலிருந்து

மருத்துவமனையிலிருந்து திரும்பியபின், பேச்சோடு விழுங்குதலையும் கவனிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து, எதையும் மாற்றச் சொல்லாமல், வழக்கமான ஒரு மதியச் சாப்பாட்டைப் பார்த்தார். கட்டிலில் இரண்டு தலையணை வைத்துப் பாதி சாய்ந்த நிலை. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பகல் நேர அட்டெண்டர் நின்றபடி ஊட்டினார். ஊட்டுபவரின் கை மேலே இருந்ததால் ஒவ்வொரு கவளத்துக்கும் பெரியவரின் தலை அண்ணாந்தது. கரண்டி பெரியது, குவியலாக எடுத்தால் 15 மில்லிக்கு மேல் பிடிக்கும். உணவு ரசம் சாதம்: நன்றாகக் குழைத்தது, ஆனால் பருக்கை தனி, ரசம் தனி.

முதல் கவளம் போய்ச் சுமார் ஐந்து வினாடியில் இரண்டாவது வந்தது. வாய் மூடியிருந்தது, தாடை அசைந்தது; விழுங்கிவிட்டார் என்று அட்டெண்டர் எடுத்துக்கொண்டார். தொண்டையோ இன்னும் அசையவே இல்லை. மூன்றாவது கவளம் போகும்போது இடது கன்னத்தில் முதல் கவளத்தின் பாதி அப்படியே ஒட்டியிருந்தது. அது அங்கே இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. வலப்பக்க மூளை அடிபட்டவர்களில் பலருக்கு உடலின் இடப்பக்கம் கவனத்திலிருந்தே நழுவிவிடும். அவர்களே அவசரமாகவும் சாப்பிடுவார்கள், "எனக்கு ஒண்ணுமில்ல" என்றும் உறுதியாகச் சொல்வார்கள். அந்த வார்த்தையை நம்பி ஊட்டக் கூடாது.

கடைசியில் ஒரு தம்ளர் தண்ணீர். அவருக்கு எப்போதும் பழக்கமானபடி எச்சில்படாமல், தலையை அண்ணாத்தி வாயில் ஊற்றினார்கள். மூன்று மடக்கு. இருமல் இல்லை. "போதுமா ஐயா?" என்று அட்டெண்டர் கேட்டார். "போதும்" என்று வந்த குரல், தண்ணீருக்கடியிலிருந்து வருவதுபோல் கொழகொழவென்று இருந்தது. இந்த வழக்கின் முக்கியமான சாட்சி அந்த ஒற்றைச் சொல்தான். குரல்நாண்களின் மேல் ஈரம் தேங்கியிருந்தால்தான் குரல் அப்படி ஒலிக்கும். அந்த ஈரத்தை உணர்ந்து இருமவோ கனைக்கவோ அவர் தொண்டை முயலவில்லை.

சரியாக விழுங்கும்போது நடப்பது

தொண்டை ஒரு நாற்சந்தி. மேலே மூக்கும் வாயும். கீழே, முன்பக்கம் மூச்சுக்குழாய், அதன் பின்னால் உணவுக்குழாய். மூச்சு நாள் முழுக்க இந்தச் சந்தியைக் கடந்துகொண்டே இருக்கிறது. உணவு குறுக்கே போகும் ஒரு வினாடிக்கு மட்டும் மூச்சு நின்று வழிவிட வேண்டும். எச்சிலையும் சேர்த்தால் ஒருவர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை விழுங்குகிறார். தூக்கத்தில் மிகவும் குறையும், ஆனால் முழுதாக நிற்பதில்லை.

முதல் வேலை வாயில். உதடு மூட வேண்டும், இல்லாவிட்டால் வழியும். பல் மென்று, எச்சில் கலந்து, நாக்கு அதை ஒரே உருண்டையாகத் திரட்டுகிறது. கவளம் என்ற நம் சொல்லுக்கு இங்கே சரியான பொருள் கிடைக்கிறது: கையில் எடுத்த பிடி அல்ல, நாக்கு திரட்டி முடித்த உருண்டை. கன்னத்தின் தசை உணவைப் பல்லுக்கும் கன்னத்துக்கும் இடையில் விழவிடாமல் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும். இந்தப் பெரியவருக்கு இடப்பக்கம் அது வேலை செய்யவில்லை. கன்னத்தில் சோறு தங்கியது அதனால்தான்.

பிறகு நாக்கின் நுனி மேலண்ணத்தில் ஊன்றி, முன்னிருந்து பின்னாக அழுத்திக் கவளத்தைத் தள்ளும். ஒரு வினாடிக்குள் முடியும். இதுவரை நம் விருப்பப்படி நிறுத்தலாம், துப்பலாம். கவளம் நாக்கின் அடிப்பகுதியைத் தொட்டதும், மூளைத்தண்டு பொறுப்பை எடுத்துக்கொள்கிறது.

அதன்பின் ஒரு வினாடிக்குள் இவ்வளவும் நடக்கிறது. உள்நாக்கு உள்ள மென்மையான அண்ணம் மேலெழுந்து மூக்கின் பின்வாசலை அடைக்கும். மூச்சு நிற்கும். குரல்நாண்கள் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அதற்கு மேலுள்ள மடிப்புகளும் மூடும். குரல்வளை முழுவதுமே மேலும் முன்னுமாக எழுந்து நாக்கின் அடியில் ஒதுங்கும், அதன் மூடி பின்புறம் கவிழும். மூச்சுவழிக்கு இப்படி மூன்று அடுக்குக் காப்பு. குரல்வளை முன்னால் இழுபடுவதால்தான், வழக்கமாக இறுகி மூடியிருக்கும் உணவுக்குழாயின் மேல்வாய் திறக்கிறது. ஒரே அசைவு ஒரு கதவைச் சாத்தி இன்னொன்றைத் திறக்கிறது. அந்த அசைவு பலவீனமானால் இரண்டு கதவும் ஒருசேரக் கெடும்: மூட வேண்டியது சரியாக மூடாது, திறக்க வேண்டியது போதுமான அளவு திறக்காது.

இதை வெளியிலிருந்தே பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, கழுத்தின் முன்மேட்டில் இரண்டு விரலை மெல்ல வைத்து எச்சில் விழுங்கிப் பாருங்கள். மேடு விரலைத் தாண்டி மேலேறி, திரும்ப இறங்கும். பராமரிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டிய அடையாளங்களில் முதலிடம் இதற்குத்தான். பெண்களுக்கு மேடு அவ்வளவாகத் தெரியாது. விரல் வைத்தால் தெரியும்.

விழுங்கியதும் பெரும்பாலும் மூச்சு வெளியே வரும், உள்ளே போகாது. வாசலில் ஏதாவது துணுக்கு மிஞ்சியிருந்தால் வெளிமூச்சு அதை ஊதித் தள்ளிவிடும். மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவருக்கு இந்த ஒழுங்கு குலையும். மாடி ஏறி வந்த உடனே, இருமிக் களைத்த உடனே, பிசியோதெரபி முடிந்த உடனே ஊட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

கடைசிக் கட்டம் உணவுக்குழாயில். சுமார் 25 செ.மீ. நீளம். தசை அலை அலையாகச் சுருங்கி, 8 முதல் 20 வினாடிக்குள் கவளத்தை வயிற்றில் சேர்க்கும். வயதானால் எல்லாமே கொஞ்சம் மெதுவாகும். அது நோய் அல்ல. ஆனால் ஒவ்வொரு வேளையும் புரை ஏறுவதை வயது என்று ஒதுக்கக் கூடாது.

தண்ணீர் ஏன் கடினம்

வீட்டில் எல்லோரும் இட்லியைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். அடைத்துக்கொள்ளுமோ என்ற பயம். தண்ணீரைப் பற்றி யாருக்கும் சந்தேகம் இல்லை. "தண்ணி குடிங்க, இறங்கிடும்" என்பது எல்லா வேளைக்கும் பொது மருந்து. தொண்டையின் கணக்கு இதற்கு நேர்மாறானது. கஞ்சி நாக்கின்மேல் மெதுவாக நகரும். நரம்பு விழித்துக்கொள்ளக் கொஞ்சம் நேரம் கொடுக்கும். தண்ணீர் நாக்கு தள்ளும் வரை காத்திருக்காமல் ஓடும். ஆரோக்கியமானவருக்குக் கதவு உடனே மூடுவதால் வித்தியாசம் தெரிவதில்லை. கதவு இரண்டு வினாடி தாமதமாக மூடும் ஒருவருக்கு, அந்த இரண்டு வினாடியும் தண்ணீர் திறந்த மூச்சுவாசலின் ஓரத்தில் நிற்கிறது.

அண்ணாந்து குடிப்பது இதை மேலும் மோசமாக்கும். தலை பின்னால் சாய்ந்தால் வாயில் விழுவது நேரே தொண்டைக்கு இறங்கும். நாக்குக்கு நிறுத்திவைக்க இடமே இல்லை. கழுத்தின் முன்பக்கம் இழுபட்டு நிற்கும்போது குரல்வளை மேலெழுவதும் சிரமம். எச்சில்படாமல் குடிப்பது சுத்தமான நல்ல வழக்கம்தான். சிறு வயது முதல் பழகிய உடல் அதைச் சமாளிக்கிறது. பக்கவாதத்துக்குப் பின் அது சமாளிக்க முடியாத வேலை. இவருக்கென்று ஒரு தனித் தம்ளர் ஒதுக்கிவிட்டால் எச்சில் பிரச்சினையும் தீர்ந்தது. குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையைச் சில வீடுகளில் பெரியவர்களுக்கும் எடுக்கிறார்கள். வேண்டாம். அதன் மூக்கு நாக்கைத் தாண்டி ஊற்றும். அளவையும் வேகத்தையும் ஊற்றுபவரின் கை முடிவு செய்யும், குடிப்பவரின் தொண்டை அல்ல.

இப்போது இருமலுக்கு வருவோம். மூச்சுவாசலில் ஏதாவது பட்டால் இருமல் வர வேண்டும். புரை ஏறுவது உடலின் காவல் விழித்திருப்பதன் அறிகுறி. முதல் மூன்று வாரம் காவல் பாதி விழித்திருந்தது. உள்ளே இறங்குவது தொடர, உடலும் மெலிந்து களைக்க, நான்காம் வாரம் அதுவும் ஓய்ந்தது. தண்ணீர் இறங்குவது நிற்கவில்லை, எச்சரிக்கைதான் நின்றது. இதை மௌனமாக உள்ளிறங்குதல் என்போம். பக்கவாதத்தில் இது அரிதல்ல. அதனால்தான் "இருமலே இல்லையே" என்பதை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. கொழகொழத்த குரல், சாப்பிடும்போது கண்ணில் நீர், மூக்கொழுகல், அடிக்கடி கனைப்பு, சாப்பாட்டுக்குப் பின் வேகமாகும் மூச்சு, காரணம் தெரியாமல் வந்துபோகும் காய்ச்சல், எடைக்குறைவு: மௌனமாக இறங்குபவருக்கு இவைதான் பேசும்.

தலையில் தட்டுவதால் தொண்டைக்குள் எதுவும் மாறாது. இருமும்போது செய்ய வேண்டியது, நிமிர்ந்து சற்று முன்னால் சாயவிட்டு, இருமி முடிக்கவிடுவது. இருமலுக்கு நடுவே தண்ணீர் கொடுப்பதுதான் செய்யவே கூடாதது.

பரிசோதனையில் கண்டது

எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வீடியோவாகப் பதிவுசெய்தார்கள். மூக்கு வழியாக மெல்லிய கேமரா விட்டுப் பார்க்கும் இன்னொரு முறையும் உண்டு. படுக்கையருகிலேயே செய்யலாம், எக்ஸ்ரே கிடையாது, ஆனால் விழுங்கும் அந்தக் கணம் மட்டும் படத்தில் மறைந்துவிடும். எதைச் செய்வது என்பது எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பொறுத்தது.

வீடியோவில் தண்ணீர்ப் பதத்தில் 5 மில்லி கொடுத்தபோது, அது தொண்டையின் அடிவரை இறங்கி இரண்டு வினாடிக்கு மேல் நின்ற பிறகே குரல்வளை எழுந்தது. அதற்குள் கொஞ்சம் குரல்நாணைத் தாண்டிக் கீழே போனது. இருமல் இல்லை. தாடையை மார்பை நோக்கித் தாழ்த்தச் சொல்லி மீண்டும் கொடுத்தபோது குறைந்தது, நிற்கவில்லை. கெட்டியாக்கிய இரண்டாம் நிலைத் திரவத்தை (நிலைகளின் விளக்கம் பின்னால் வருகிறது) தாடை தாழ்த்தி 5 மில்லியாக விழுங்கியபோது உள்ளே எதுவும் போகவில்லை. மசித்த உணவில் மூச்சுவழி பத்திரமாக இருந்தது. நாக்கின் அடிப்பள்ளத்தில் மட்டும் மீதி தங்கியது, வெறும் வாயால் இன்னொரு முறை விழுங்கியதும் அதுவும் போனது.

தாடையைத் தாழ்த்துவது இவருக்குப் பொருந்தியது. எல்லோருக்கும் பொருந்தாது. விழுங்கிய பிறகு தொண்டையின் அடிக்குழிகளில் மீதி தேங்குபவருக்குத் தலை குனிந்தால் அதுவே மூச்சுவாசலுக்குள் வழியலாம். பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொன்ன முறையை இந்த வீட்டில் செய்துபார்க்க வேண்டாம் என்று நாங்கள் அழுத்திச் சொல்வது இதனால்தான். சென்னையில் இதற்கான ஆட்கள் இருக்கிறார்கள். சென்னை மருத்துவக் கல்லூரி, போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா போன்ற இடங்களில் ஸ்பீச் தெரபி படிப்பே நடக்கிறது. வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்பதில் தவறில்லை.

மாற்றியவை

முதலில் உட்காரும் விதம். கட்டில் வேண்டாம், கை வைத்த நாற்காலி. இடுப்பு பின்னால் ஒட்டி, பாதம் தரையில் படிந்து, இடப்பக்கம் சரியாமல் ஒரு சுருட்டிய போர்வை. சாப்பிட்டு முடித்து 30 நிமிடம் அப்படியே இருக்க வேண்டும். ஊட்டுபவரும் உட்கார வேண்டும். கரண்டி பெரியவரின் கண்ணுக்குக் கீழிருந்து வர வேண்டும். டி.வி. அணைக்கப்பட்டது. கரண்டி 5 மில்லி டீஸ்பூன், தட்டையாக.

மருமகள்தான் இதை முதலில் பழகிக்கொண்டார். ஒரு கரண்டிக்கு அவர் பின்பற்றிய ஒழுங்கு இது. வாயின் வலப்பக்கம் வைத்து நாக்கை லேசாக அழுத்திக் கரண்டியை நேராக எடுப்பார். மேல் பல்லில் உரசி எடுக்க மாட்டார், உரசினால் தலை தூக்கிக்கொள்ளும். பிறகு கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிடுவார். கையில் அடுத்த கரண்டி தயாராக இருந்தால் பெரியவர் அவசரப்படுவார். தொண்டை மேடு ஒருமுறை ஏறி இறங்கும். "இன்னொரு தடவ மாமா" என்பார். இரண்டாம் முறையும் ஏறி இறங்கும். சில கரண்டிக்கு ஒருமுறை "ஆ சொல்லுங்க மாமா." குரல் தெளிவாக இருந்தால் தொடர்வார். கொழகொழத்தால் கனைத்து, மறுபடி விழுங்கி, தெளிந்த பிறகே தொடர்வார். முதல் நாட்களில் அவர் செய்த ஒரே தவறு, வாயில் உணவு இருக்கும்போதே "முழுங்கிட்டீங்களா?" என்று கேட்டது. கேட்டால் பெரியவர் மரியாதைக்குப் பதில் சொல்வார், பதில் சொல்ல மூச்சுவாசல் திறக்கும். முதலில் தொண்டையைப் பார்க்க வேண்டும், பிறகுதான் கேட்க வேண்டும்.

சாப்பாடு 30 நிமிடத்தைத் தாண்டினால் நிறுத்தினார்கள். களைத்த தொண்டைக்கு ஊட்டுவதைவிட மூன்று வேளையை ஆறாகப் பிரிப்பது நல்லது. முடிவில் டார்ச் அடித்து இடது கன்னத்தைப் பார்த்து, மீதியை ஈரத்துணி சுற்றிய விரலால் எடுத்தார்கள்.

உணவின் பதத்துக்கு ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோல் இருக்கிறது. தண்ணீர் 0, வழக்கமான சாப்பாடு 7. இவருக்குத் திரவம் 2, உணவு 5. ஐந்தாம் நிலையில் பெரியவர்களுக்குத் துணுக்கு 4 மி.மீ. அகலத்துக்கு மேல் இருக்கக் கூடாது, அதாவது முள்கரண்டியின் இரு பல்லுக்கு இடைப்பட்ட இடைவெளி. ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் நீர் பிரிந்து வழியக் கூடாது. நம் சமையலில் சிக்கல் பெரும்பாலும் இந்தக் கடைசி விஷயத்தில்தான். ரசம் சாதம், சாம்பாரில் ஊறிய இட்லி, பழத்துண்டு மிதக்கும் பாயசம், தர்பூசணி: எல்லாவற்றிலும் இரண்டு பதம் ஒரே வாயில். பருக்கையை மெல்லும்போதே நீர் முன்னால் ஓடிவிடும். உதிரும் பொரி, மிக்சர், அப்பளம் கூடாது. ஒட்டும் பிரட், அல்வா கூடாது.

கூடும் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் வீட்டில் கஞ்சியைத் தவிர எதுவும் மிஞ்சாது. குழைய வெந்த சாதத்தைக் கெட்டிப் பருப்போடு மத்தால் மசித்து நெய் விட்டது. மிளகைப் பொடித்துப் போட்ட, முந்திரி இல்லாத, தளர்ந்த வெண்பொங்கல். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சித் துண்டு எதுவும் விழாத தயிர் சாதம், மசித்து, தயிர் நீர் விடாத பதத்தில். பூசணி, பீர்க்கங்காய், கேரட் மசியல். பப்பாளி மசித்தது. ஒரே கிண்ணத்தில் எல்லாவற்றையும் அரைத்துக் கலக்காமல் தனித்தனியாக வைக்கச் சொன்னோம். எதைச் சாப்பிடுகிறோம் என்று தெரிந்தால்தான் நாக்கு ஒத்துழைக்கும். அந்த மரியாதை அவருக்கு உண்டு.

கஞ்சி நீர்த்தது எப்படி

திட்டம் தொடங்கிய பத்தாம் நாள் குரல் மறுபடி கொழகொழத்தது. அதுவும் காலையில் மட்டும், கேழ்வரகுக் கஞ்சியின் கடைசிக் கால்வாசியில் மட்டும். மருமகள் கஞ்சியை ஒவ்வொரு நாளும் சிரிஞ்சில் அளந்துதான் கொடுத்தார். அந்தச் சோதனை எளிது: 10 மில்லி சிரிஞ்சின் உட்தண்டை எடுத்துவிட்டு, நுனியை விரலால் மூடி, 10 மில்லி வரை ஊற்றி, விரலை எடுத்துச் சரியாக 10 வினாடி ஓடவிட்டு மறுபடி மூட வேண்டும். மீதி 1 மில்லிக்குக் குறைந்தால் தண்ணீர்ப் பதம். 1 முதல் 4 வரை முதல் நிலை. 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை. 8க்கு மேல் மூன்றாம் நிலை. ஓடவே இல்லை என்றால் நான்கு. சிரிஞ்சில் 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மி.மீ. இருக்க வேண்டும், எல்லாக் கம்பெனிச் சிரிஞ்சும் ஒரே நீளம் அல்ல, ஸ்கேல் வைத்துப் பார்த்து வாங்குங்கள்.

ஆரம்பத்தில் 6 மில்லி மீதி நின்ற கஞ்சி, கிண்ணத்தின் அடியில் மிஞ்சியதை எடுத்து அளந்தபோது 2 மில்லிதான் நின்றது. எச்சில்பட்ட கரண்டி திரும்பத் திரும்பக் கிண்ணத்துக்குள் போயிருந்தது. எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைத்துவிடும். அரை மணி நேரத்தில் கஞ்சி கண்முன்னே தண்ணீராகும். சூடும் சேர்ந்து ஏமாற்றும்: கொதிக்கும்போது தளர்ந்த கஞ்சி ஆறியபின் இறுகும், எனவே ஊட்டும் சூட்டில்தான் அளக்க வேண்டும். தீர்வு சாதாரணமானது. பெரிய கிண்ணத்திலிருந்து சிறு கிண்ணத்துக்கு ஐந்தாறு கரண்டி மட்டும் தனிக்கரண்டியால் மாற்றி, அது முடிந்ததும் அடுத்தது. குரல் மறுநாளே தெளிந்தது.

தண்ணீருக்கும் காபிக்கும் கடையில் விற்கும் கெட்டியாக்கும் பொடி வாங்கினார்கள். சாந்தன் கம் வகைப் பொடி எச்சிலில் நீர்க்காது, மாவுச்சத்து வகை நீர்க்கும். டப்பாவின் பின்பக்கம் பார்த்து வாங்க வேண்டும். பால் கலந்த காபியில் அது பதம் வரத் தண்ணீரைவிட அதிக நேரம் பிடிக்கும். ஐந்து நிமிடம் பொறுக்காமல் இன்னொரு கரண்டி போட்டுவிட்டு, பிறகு களியாகிவிட்டது என்று கொட்டுவதுதான் வழக்கமாக நடப்பது. ஐஸ்கிரீமும் ஜெல்லியும் வாய்ச் சூட்டில் தண்ணீராகும். திரவம் கெட்டியாக்க வேண்டியவருக்கு அவையும் தண்ணீர்தான்.

மே மாதமும் தண்ணீர்க் கணக்கும்

கெட்டித் தண்ணீர் யாருக்கும் பிடிப்பதில்லை. தாகம் தீர்ந்த உணர்வு வராது. இந்தப் பெரியவர் நாளுக்கு 700 மில்லியோடு நிறுத்திக்கொண்டார். சென்னை மே மாத வெயிலில் அது போதாது. சிறுநீர் அடர்மஞ்சளானது, மதியம் முழுக்கத் தூங்கி வழிந்தார். தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கு ஊட்டக் கூடாது என்பதால் உணவும் குறைந்தது. டாக்டர் நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்று நிர்ணயித்தார் (இதய, சிறுநீரக நோயாளிக்கு அளவு வேறு). சமையலறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டி, 150 மில்லி கிண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. பத்துக் கோடு வர வேண்டும். இளநீரும் நீர்மோரும் கெட்டியாக்கித் தந்தபோதுதான் கோடு எட்டைத் தாண்டியது.

வாய், மாத்திரை, அடைப்பு

உள்ளே இறங்கும் எச்சிலில் எவ்வளவு கிருமி இருக்கிறது என்பதையும் பொறுத்தது நிமோனியா. காலையிலும் இரவிலும் மென்மையான பிரஷ், பட்டாணி அளவு பேஸ்ட், நாக்கும் மேலண்ணமும் சேர்த்து. கொப்பளிக்க முடியாதவருக்கு ஈரப் பஞ்சால் துடைத்தெடுக்கலாம். பல்செட்டை இரவில் கழற்றி வைக்க வேண்டும். மூக்குக் குழாய் உள்ளவருக்கும் இது அவசியம். குழாய் உணவைத்தான் திருப்பிவிடும், எச்சிலை அல்ல.

மாத்திரையைத் தண்ணீரோடு கொடுப்பதும் இரண்டு பதம்தான். தயிரிலோ பழ மசியலிலோ முழுதாக வைத்துக் கொடுக்கலாம். பொடிப்பதற்கு முன் மருந்தாளுநரிடம் கேட்க வேண்டும்: மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பொடித்தால் ஒரு நாளைய மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கும்.

பேசவும் இருமவும் முடியாமல், சத்தமின்றித் தொண்டையைப் பிடித்துக்கொண்டால் அது புரையேறல் அல்ல, முழு அடைப்பு. முன்னால் குனியவைத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து பலத்த தட்டு, போகாவிட்டால் பின்னால் நின்று தொப்புளுக்கு மேல் கைமுட்டியை வைத்து உள்ளும் மேலுமாக ஐந்து அழுத்து, மாறி மாறி. இன்னொருவர் உடனே 108ஐ அழைக்க வேண்டும். நினைவிழந்தால் தரையில் கிடத்தி நெஞ்சழுத்தம் தொடங்க வேண்டும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் துழாவ வேண்டாம். இன்னும் உள்ளே போகும்.

பதினான்கு வாரத்துக்குப் பின்

எடை 62 கிலோ. இரண்டாம் முறை எடுத்த வீடியோவில் தாமதம் ஒரு வினாடிக்குள் வந்திருந்தது. தாடை தாழ்த்தி 5 மில்லியாகக் குடித்த வெறும் தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. கொஞ்சம் வாசலைத் தொட்டபோது இருமினார். அந்த இருமலைப் பார்த்து அவர் மனைவி பயந்துபோய் "என்னங்க!" என்று எழுந்தார். அது திரும்பி வந்த காவல் என்று விளக்க வேண்டியிருந்தது.

உணவு ஆறாம் நிலைக்கு உயர்ந்தது: ஒன்றரை செ.மீ.க்கு மேற்படாத மென்மையான துண்டுகள், இட்லி உட்பட, கெட்டிச் சாம்பாரில் ஒன்றாகப் பிசைந்து. வெறும் தண்ணீர், சாப்பாட்டுக்கு 30 நிமிடத்துக்குப் பின், வாயைச் சுத்தம் செய்துவிட்டு, டீஸ்பூனில், மருமகளோ அட்டெண்டரோ பக்கத்தில் இருக்கும்போது மட்டும். காபி இன்னும் இரண்டாம் நிலையிலேயே. தம்ளரை வாயில் வைத்துச் சப்பிக் குடிக்கப் பயிற்சி தொடங்கியிருக்கிறது. அண்ணாந்து குடிப்பது இனி இல்லை என்று அவரே எதிரில் இருப்பவர்களிடம் சொல்கிறார். அடுத்த பரிசோதனை எட்டு வாரம் கழித்து.